முன்தண்டு உத்தமனும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும்

பெங்களூர் ஜோகுபாளையத்துச் சந்து மாரியம்மன் பல்லக்கில் வலப்பக்கத் தண்டின் முன்முனை உத்தமன் வீட்டுத் தோளுக்கு என்று ஆகி மூன்று தலைமுறை. முதலில் தூக்கியவர் அவன் தாத்தாவின் அண்ணன், மில்லில் மூட்டை சுமந்தவர். அவருக்குப் பிள்ளை இல்லை, தம்பி மகனான உத்தமனின் அப்பாவிடம் தண்டு வந்தது. அப்பாவுக்கு முட்டி போனபோது வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். மூத்தவன் குள்ளம். நடுவன் பெண் கட்டிய கையோடு லிங்கராஜபுரத்துக்குக் குடிபோய், மாமியார் பேச்சைத் தவிர வேறெதையும் சுமப்பதில்லை என்று இருந்துவிட்டான். அதனால் கடைக்குட்டி உத்தமனுக்குக் கிடைத்தது. ஆறடி ஆள். தோள் இரண்டும் உப்பிய பன் மாதிரி இருக்கும். தண்டு அதில் உட்கார்ந்தால் தூங்கிவிடும் என்று தெருவில் சொல்வார்கள்.

பல்லக்கைத் தூக்குவது என்றால் நின்றபடி தூக்குவதல்ல. நான்கு பேரும் குந்தி உட்கார வேண்டும். தண்டைத் தோளில் வாங்க வேண்டும். சங்கு ஊதியதும் கையை எங்கேயும் ஊன்றாமல் நான்கு பேரும் ஒரே மூச்சில் எழ வேண்டும். அம்மன் சாயக் கூடாது. சித்ரா பௌர்ணமி சாயங்காலம் பூ அலங்காரத்தோடு தெருவெல்லாம் சுற்றி வந்த பிறகு, அம்மன் கழுத்து மாலை வலப்பக்கத்து முன்ஆளுக்குத்தான் விழும். மற்ற மூன்று பேருக்குத் தேங்காய் மூடி.

அந்த வருஷம் விஜயதசமியன்று தண்டுக்குச் சந்தனம் பூசி, பூ இல்லாத வெறும் பல்லக்கை வழக்கம்போல ஒருமுறை தூக்கிப் பார்த்தார்கள். பல்லக்கு மேஸ்திரி முனியப்பன் சங்கை ஊதினார். மூன்று பேர் எழுந்தார்கள். உத்தமன் எழவில்லை.

எழ வேண்டும் என்று அவன் நினைத்தான். தொடைதான் நினைக்கவில்லை. பல்லக்கு அவன் பக்கமாகச் சரிந்தது, உள்ளே வைத்திருந்த பித்தளைச் சொம்பு உருண்டு விழுந்து, சந்து முழுக்க ஓடி, பால் பூத் வாசல்வரை போய்த்தான் நின்றது. பக்கத்தில் இடத்தண்டின் முன்முனையில் இருந்தவன் ராஜேஷ்குமார், உத்தமன் மனைவி காந்தாவின் தம்பி. அடுகோடியில் கார் சீட் தைக்கிற பட்டறையில் வேலை, குடியிருப்பது அக்கா வீட்டு மாடியில். அவன் எழுந்து நின்றபடியே குனிந்து பார்த்தான்.

"இன்னா மாமா, அம்மனுக்கு ஒக்காந்தே கும்புடு போடறியா?"

முனியப்பன் சத்தம் போடுகிற மனுஷர் அல்ல. சங்கைத் துடைத்துப் பையில் வைத்தார்.

"சித்திரைக்கு இன்னும் நாள் கெடக்குது, உத்தமா. அதுக்குள்ள ஏந்து நில்லு. இல்லன்னா குடை புடி. வலப்பக்கம் ராஜேஷு வரட்டும்."

குடை பிடிப்பது மரியாதையான வேலைதான், பல் போனவர்களுக்கு. உத்தமனுக்கு வயது நாற்பத்தாறு. குடையைப் பிடித்துக்கொண்டு மச்சான் கழுத்தில் விழுகிற மாலையைப் பார்ப்பதைவிட லிங்கராஜபுரத்துக்கே குடிபோகலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாளே காந்தா அவனைத் தெருமுனை கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். டாக்டர் வீணா கன்னடக்காரப் பெண், ஆனால் அந்தத் தெருவுக்கு வந்த பிறகு தமிழில் திட்டக்கூடக் கற்றுக்கொண்டவர். தொடையை அமுக்கிப் பார்த்தார், குந்தி எழச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"எந்த வேலை உங்களுக்கு?"

"ஐடி பில்டிங்ல பார்க்கிங், மேடம். மூணாவது பேஸ்மென்ட்."

"எத்தினி வருஷமா?"

"கட்டுனதுலேருந்து. பதினஞ்சு வருஷம் இருக்கும்."

அந்தப் பதினைந்து வருஷமும் சூரியன் உத்தமனைப் பார்த்ததில்லை. காலையில் வெயில் முகம் கழுவுவதற்கு முன் அவன் கீழே இறங்கிவிடுவான். சாப்பாடு, டீ, பஜ்ஜி எல்லாம் சரிவுப் பாதை வழியாகக் கீழேயே வந்துவிடும். அவன் மேலே வரும்போது அல்சூர் பக்கம் விளக்குப் போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை தூக்கம்.

ரத்த முடிவு வந்ததும் டாக்டர் வீணா நெற்றியைச் சுருக்கினார். வைட்டமின் டி குறைந்தது முப்பது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. ரத்தத்துக் கொழுப்பில் ட்ரைகிளிசரைடு என்று ஒன்று உண்டு, நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டியது நானூறைத் தாண்டி நின்றது. எடையைப் பற்றிப் பேச்சே வேண்டாம், மிஷின் முள்தான் பயந்தது. எண்ணெய்ப் பலகாரம் கூடாது, சர்க்கரை கூடாது, சோற்றைக் குறைக்கணும், நடக்கணும், வெயிலில் நிற்கணும் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். உத்தமன் கோயிலில் மந்திரம் கேட்பது போலப் பணிவாகக் கேட்டான். மந்திரம் மாதிரியே ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்ததால் டாக்டர் அவசரமாக எழுதிக்கொடுத்த சீட்டோடு கடைசியாக ஒன்று சொன்னார்.

"வாரத்துக்கு ஒரே ஒரு மாத்திரை. வெறும் வயித்துல போடாதீங்க. இது கொழுப்புல கரையற வைட்டமின். சாப்பாட்டுல கொஞ்சம் கொழுப்பு இருந்தாத்தான் நல்லா உள்ள போகும்."

இந்த வாக்கியம் மட்டும் உத்தமன் காதில் தெளிவாக விழுந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தான். குறைக்கச் சொன்ன கொழுப்பு வேறு, மருந்துக்கு வேண்டிய கொழுப்பு வேறு. அது ஆறு நாள் கொழுப்பு. இது ஞாயிற்றுக்கிழமைக் கொழுப்பு. ஆறு நாளும் அரைச் சப்பாத்தியைக் குறைத்துக்கொண்டு வைத்தியத்துக்குக் கட்டுப்பட்டான். ஏழாம் நாள் விடிகிறதற்கு முன்பே ராஜேஷ்குமாரின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி, பழைய மெட்ராஸ் ரோட்டோடு ஹொஸ்கோட்டைக்குப் போனான். அங்கே விடியற்காலையில் அண்டா திறக்கிற தம் பிரியாணிக்குப் பெங்களூரில் பாதி ஜனம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும். தூக்கத்தைவிட்டு வந்தவன் வீண்போகக் கூடாது என்று ஆளுக்கு இரண்டு பிளேட்.

உத்தமன் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்தான். முதல் கவளத்தில் நல்ல வெள்ளைக் கொழுப்பாகப் பார்த்து, அதன் நடுவே மாத்திரையை வைத்து, கண்ணை மூடி விழுங்கினான்.

"மாமா, மருந்து போட வந்தியா, பிரியாணி துன்ன வந்தியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்டா. இது கொழுப்புலதான் கரையும். டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

பக்கத்து மேஜையில் கம்பெனி அட்டை தொங்கவிட்ட ஒரு பையன் சாப்பிடுவதை நிறுத்தினான். "சார், எனக்கும் டி கம்மி. எப்படி எடுத்துக்கறீங்க?"

"மொதல்ல ஒரு நல்லி எலும்பு வாங்குப்பா," என்றான் உத்தமன், கம்பவுண்டர் தோரணையில். "அதுல இருக்கற மஜ்ஜையோட போட்டா எலும்புக்கு நேராப் போவும்."

ராஜேஷ்குமார் தன் தட்டிலிருந்த நல்லியையும் எடுத்து மாமா தட்டில் வைத்தான். "துன்னு மாமா. ஒனக்கு ஒடம்பு தேறணும்."

இப்படித் தன் தட்டில் இருப்பதை எடுத்து வைக்கிற மச்சான் யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்தபடி உத்தமன் அந்த நல்லியையும் உறிஞ்சினான். மாலை யாருக்கு விழும் என்ற கணக்கு அந்த நல்லிக்குள் இருந்திருக்கலாம். காந்தாவின் தாய்வழியில் அந்த மாதிரி மூளை உண்டு. அவள் தாய்மாமன் ஒருவர் சிரித்துக்கொண்டே மூன்று பேருடைய இடத்தைத் தன் பேருக்கு எழுதிக்கொண்டவர்.

வீடு திரும்பும்போது உத்தமனிடம் புதினாவும் டால்டாவும் மணக்கும். படுத்தால் மத்தியானம்தான் எழுவான்.

"இன்னாய்யா, இப்படித் தூங்கற?" என்பாள் காந்தா.

"எழுப்பாத. மருந்து வேலை செய்யுது."

மாத்திரை அட்டை தீர்ந்தது. மார்கழிக் குளிரில் மறுபடி ரத்தம் கொடுத்தார்கள். டாக்டர் வீணா முடிவைப் பார்த்தார், பழைய முடிவைப் பார்த்தார், உத்தமனைப் பார்த்தார். டி ஒன்பதிலிருந்து பதினாலுக்கு வந்திருந்தது. ட்ரைகிளிசரைடு இன்னும் மேலே போயிருந்தது. எடையும் மூன்று கிலோ ஏறியிருந்தது.

"மாத்திரை போட்டீங்களா, இல்லையா?"

"ஒரு வாரம் வுடல மேடம். நீங்க சொன்ன மாதிரியே கொழுப்போட."

"எந்தக் கொழுப்பு?"

உத்தமன் பெருமையாகச் சொன்னான். ஹொஸ்கோட்டை, இரண்டு பிளேட், நல்லி, மச்சானுடைய நல்லி என்று ஒன்றையும் விடாமல் சொன்னான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார், கழுத்தில் தொங்கிய குழாயைக் கழற்றி வைத்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

டாக்டர் திரும்பும்போது கண்ணைத் துடைத்திருந்தார். "ஒரு டம்ளர் பால் போதும்ங்க. இல்ல, ஒரு கை வேர்க்கடலை. அந்த மாத்திரைக்கு அவ்வளவுதான் வேணும்."

"அப்ப நான் போட்ட மாத்திரையெல்லாம் எங்க போச்சு, மேடம்?"

"அது உங்க கொழுப்புக்குள்ளயே போய் ஒக்காந்துக்கும். உடம்புல கொழுப்பு ஜாஸ்தி இருந்தா, வைட்டமின் டி அதுக்குள்ள எறங்கி மறைஞ்சிடும். ரத்தத்துக்கு வராது. ஒல்லியா இருக்கறவங்களுக்கு ஏறுற மாதிரி உங்களுக்கு ஏறாது."

உத்தமனின் முகம் தெளிந்தது. "பார்க் பண்ணிடுச்சு."

"என்னது?" என்றார் டாக்டர்.

"வண்டி கேட்டுக்குள்ள வந்துச்சு, மேடம். நேரா எறங்கி மூணாவது பேஸ்மென்ட்ல நின்னுக்கிச்சு. மேல ரோட்டைப் பார்த்தா ஒரு வண்டி இல்ல. வண்டியே வரலன்னு ரிப்போர்ட் சொல்லுது."

"அஷ்டே. அவ்வளவுதான். உங்க பேஸ்மென்ட் ரொம்பப் பெருசு."

காந்தா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "மேடம், இந்த டி நல்லா ஏறிட்டா கொழுப்பு தானா எறங்கிடுமா?"

"எறங்காதும்மா. டி கம்மியா இருக்கறவங்களுக்கு ரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தியா இருக்கறது நெறையப் பேருகிட்ட சேர்ந்தே வருது. எது எதை இழுத்துட்டு வருதுன்னு பெரிய டாக்டருங்களே இன்னும் சண்டை போட்டுட்டிருக்காங்க. நீங்க அந்தச் சண்டைக்குப் போக வேணாம். பேஸ்மென்ட்டைச் சின்னதாக்குங்க. அப்ப ரெண்டுமே நல்லதாகும். மாத்திரை அதே மாதிரி வாரத்துக்கு ஒண்ணு, ஆனா பாலோட. தெனமும் கொஞ்ச நேரம் வெயில்ல நில்லுங்க."

கிளினிக் படி இறங்கும்போது காந்தா சொன்னாள். "ஞாயித்துக்கெழமை இனிமே வூட்ல களி."

அந்த ஒரு வரியோடு ஹொஸ்கோட்டை மூடப்பட்டது.

வெயிலுக்கு உத்தமன் ஒரு வழி கண்டுபிடித்தான். கட்டடத்துக்கு முன்கூடம் உண்டு, மூன்று மாடி உயரத்துக்குக் கண்ணாடி. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அங்கே போய்ச் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி நின்றான். குளிர்சாதனமும் இருந்தது, வெயிலும் இருந்தது. இதைவிட வசதியாக ஒரு வைத்தியம் உண்டா என்று நினைத்தான். லிப்டுக்குக் காத்திருந்தவர்கள் யாரோ சாமியாடப் போகிறார் என்று ஒதுங்கி நின்றார்கள்.

வாசல் சாவடியில் வண்டி சோதிக்கிற பியாட்ரிஸ் நாலு நாள் இதைப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் கேட்டாள். கன்னத்தில் கருந்திட்டு விழுகிறது என்று முகம் முழுக்கத் துப்பட்டா சுற்றியிருப்பாள், கண் மட்டும் தெரியும்.

"இன்னா அண்ணா, காயப் போட்ட துணி மாதிரி நிக்கறீங்க?"

"டி எடுக்கறேன், பியாட்ரிஸு."

"கண்ணாடிக்குள்ளயா? சூடுதான் வரும், டி வராது. எங்க மருமக நர்ஸு, அவ சொல்வா. வெளிய நிக்கணும்."

உத்தமன் சட்டைக் கையை இறக்கினான். சரிவுப் பாதையின் மேல்முனையில், வெட்டவெளியில் இருந்த அவளுடைய சாவடியைப் பார்த்தான். அவள் கீழே இறங்குகிற இருட்டைப் பார்த்தாள். அங்கே மின்விசிறி உண்டு, நாற்காலி உண்டு, வெயில் என்ற பேச்சே கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் வந்தது. சூப்பர்வைசருக்கு இரண்டு டீ செலவில் இடம் மாறியது.

சாவடி வேலை என்னவென்றால், உள்ளே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் கண்ணாடி விட்டுப் பார்க்க வேண்டும். நீளக் கைப்பிடியும் சக்கரமும் உள்ள கண்ணாடி. பியாட்ரிஸ் கொடுத்துவிட்டுப் போன கண்ணாடிக்குக் கைப்பிடி எப்போதோ உடைந்துபோயிருந்தது. புதியது வரும் என்று ஆபீசில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் குந்தி உட்கார்ந்து, கண்ணாடியைக் கையாலேயே தள்ளிப் பார்த்துவிட்டு எழ வேண்டும்.

முதல் நாள் உத்தமன் குந்தினான். எழவில்லை. ஹாரன் அடித்துப் பார்த்த டிரைவர் கடைசியில் இறங்கி வந்து கை கொடுத்து எழுப்பினார். இரண்டாம் நாள் வண்டியின் பம்பரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஒரு பம்பர் கொஞ்சம் தளர்ந்தது. ஒரு அம்மாள் ஜன்னலை இறக்கி, "அங்கிள், தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள். பொங்கல் தாண்டியபோது ஒரு கையைத் தன் முட்டியில் ஊன்றி எழுந்தான். அது பம்பரைவிடக் கௌரவமாக இருந்தது. கீழே இறங்கி வந்த பஜ்ஜி இப்போது வழக்கப்படி மூன்றாவது பேஸ்மென்டுக்கே போய்க்கொண்டிருந்தது. பியாட்ரிஸ் அதற்கு ஒன்றும் ஆட்சேபம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தா ராகிக்களி கிளறி, கீரை கடைந்து வைப்பாள். அதே நேரத்துக்கு ராஜேஷ்குமார் ஹொஸ்கோட்டையிலிருந்து போனில் படம் அனுப்புவான். தன் இரண்டு பிளேட்டோடு மாமாவின் இரண்டு பிளேட்டையும் வரிசையாக வைத்து எடுத்த படம். உத்தமன் படத்தைப் பார்ப்பான், களியைப் பார்ப்பான். படத்தைப் பார்த்தபடி களியை விழுங்கினால் கொஞ்சம் சுலபமாக இறங்குகிறது என்பது அவன் கண்டுபிடிப்பு. காந்தா போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைப்பாள்.

மாசி முடியும்போது ஒருநாள் ஆபீசிலிருந்து புதுக் கண்ணாடி வந்தது. நீளக் கைப்பிடி, சக்கரம், குனியவே வேண்டாம். உத்தமன் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பியாட்ரிஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"இத உங்கிட்டயே வெச்சுக்க. சித்ரா பௌர்ணமி முடியற வரைக்கும் மேல கொண்டுவராத."

பங்குனியில் டாக்டர் வீணா பார்த்தபோது டி இருபத்தாறைத் தொட்டிருந்தது, ட்ரைகிளிசரைடு பாதிக்கு இறங்கியிருந்தது, எடையில் எட்டு கிலோவைக் காணோம். "இன்னும் முழுசா சரியாகல," என்றார் அவர். "ஆனா ரோட்டுல வண்டி ஓட ஆரம்பிச்சிடுச்சு."

சித்ரா பௌர்ணமியும் வந்தது. மல்லிகையும் கனகாம்பரமும் செண்டுமல்லியுமாகப் பல்லக்கு ஒரு சின்ன வீட்டின் கனம் இருந்தது. சந்தின் இரண்டு பக்கமும் ஜனம். குடை ஒன்று சுவரோரம் யாரும் தொடாமல் சாய்ந்திருந்தது. உத்தமன் அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து, மூன்று முறை பார்த்தான். ஆரத்தித் தட்டோடு நின்ற காந்தா கற்பூரத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

நான்கு பேரும் குந்தினார்கள். தண்டு தோளில் இறங்கியது. இதுவும் ஒரு வண்டிதான், அடியில் பார்த்தாகிவிட்டது, எழு என்று உத்தமன் தொடைக்குச் சொன்னான். முனியப்பன் சங்கை ஊதினார்.

எழுந்தான். கை எங்கும் படாமல், முட்டி நடுங்காமல், ஒரே மூச்சில் எழுந்து நின்றான்.

ஆனால் அம்மன் சாய்ந்தாள்.

உத்தமன் பக்கமாகத்தான் சாய்ந்தாள். ஜனம் மூச்சைப் பிடித்தது. "மறுபடியும் ஒக்காந்துட்டான்பா," என்று யாரோ முணுமுணுத்தார்கள். முனியப்பன் விறுவிறுவென்று வந்து குனிந்து உத்தமனின் முட்டியைப் பார்த்தார். நேராக இருந்தது. முதுகைப் பார்த்தார். நேராக இருந்தது. நிமிர்ந்து தோளைப் பார்த்தார். உப்பிய பன் இருந்த இடத்தில் எலும்பு தெரிந்தது, தண்டு நேராக அதன்மேல் உட்கார்ந்திருந்தது. பிறகு சுற்றிப்போய் ராஜேஷ்குமாரின் தோளைப் பார்த்தார். தொலைந்துபோன பன் அங்கே இருந்தது. நாலு மாசத்து நாலு பிளேட்டும் அங்கே மெத்தை போட்டுத் தண்டை இரண்டு விரற்கடை உயர்த்தி வைத்திருந்தன.

"ஒன் தோள் எங்கடா போச்சு?" என்று கேட்டார் முனியப்பன்.

"மச்சான்தான் எடுத்து வெச்சிருக்கான், மேஸ்திரி."

சந்து முழுக்கச் சிரித்தது. சுமை தோளில் இருக்கும்போது சிரிக்கக் கூடாது என்பதால் உத்தமன் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டான். முனியப்பன் தன் தலைத்துண்டை அவிழ்த்தார், நாலாக மடித்து உத்தமனின் தோளுக்கும் தண்டுக்கும் நடுவே செருகினார். அம்மன் நிமிர்ந்தாள்.

"மாலை மாறுமா மேஸ்திரி?" என்று பின்தண்டிலிருந்து யாரோ கிண்டலாகக் கேட்டார்கள்.

"எவன் ஏந்து நின்னானோ அவனுக்கு. நடங்கடா."

பல்லக்கு கிளம்பியது. அல்சூர் ரோடு திரும்புகிற இடத்துக்கு வருவதற்குள் இடப்பக்கத்திலிருந்து புஸ் புஸ் என்று சத்தம் வர ஆரம்பித்தது. உத்தமன் தலையைத் திருப்பாமல் கேட்டான்.

"இன்னாடா, டயர்ல காத்து எறங்குதா?"

"தொட வலிக்குது மாமா." கொஞ்ச தூரம் நடந்த பிறகு மெதுவாக மறுபடி ராஜேஷ்குமாரின் குரல். "அந்த டாக்டரம்மா ஞாயித்துக்கெழமை இருப்பாங்களா?"

"இருப்பாங்க. காலையில ஏழு மணிக்கே வந்துடுவாங்க."

"ஏழு மணிக்கா? அப்ப ஹொஸ்கோட்டை?"

முன்னால் ஆரத்தித் தட்டோடு நடந்துகொண்டிருந்த காந்தா திரும்பாமலே சொன்னாள்.

"ஒனக்கும் சேத்தே களி கிண்டறேன். தட்டு எடுத்துக்கினு வா."